பாறையில் ஒட்டிக்கிடக்கும் லைக்கன்களைப் பார்ப்பது எப்படி?

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ வெயில் படும் பெரிய பாறை எதையாவது பாருங்கள், சாம்பலும் வெளிர்பச்சையும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். கறை என்று கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவை கிரஸ்டோஸ் லைக்கன்கள், அதாவது கல்லோடு பொருக்குப் போல ஒட்டிய லைக்கன்கள். லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் (சிலவற்றில் சயனோபாக்டீரியா என்னும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) கூடி வாழும் உயிர். பிரியாணியில் போடும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது இலை வடிவம், ஓரத்தைப் பிடித்துத் தூக்கிவிடலாம். கிரஸ்டோஸுக்கு அடித்தோலே கிடையாது. பூஞ்சை இழைகள் நேராகக் கல்லின் துகள்களுக்கு நடுவே இறங்கியிருக்கும்.

தேவையானவை: 10 மடங்கு லென்ஸ் (வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் வைப்பது போதும்), தண்ணீர் ஸ்பிரே, சின்ன ஸ்கேல், போன். கத்தி வேண்டவே வேண்டாம்.

படி 1: லைக்கன்தானா?

காய்ந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மேல்தோல் நனைந்ததும் ஒளி ஊடுருவும், உள்ளே இருக்கும் பாசியின் பச்சை மேலே தெரியும். சுண்ணாம்போ பெயின்டோ பறவை எச்சமோ அப்படிப் பச்சையாகாது. அடர்நிற லைக்கன்களில் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது, அவற்றுக்கு அடுத்த படிதான் வழி.

படி 2: லென்ஸ்

லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பாறைப் பக்கம் கொண்டுபோங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் காட்சி தெளியும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது குட்டிக் குட்டி வட்டத் தட்டுகளைத் தேடுங்கள், அவை பூஞ்சையின் வித்துகள் உருவாகும் இடம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பிடித்த பகுதி இதுதான். தட்டின் விளிம்பு லைக்கன் உடலின் நிறத்திலேயே இருந்தால் லெக்கனோரா போன்ற பேரினமாக இருக்கலாம், ஏனென்றால் அந்த விளிம்பிலும் பாசி உண்டு. தட்டும் கருப்பு, விளிம்பும் கருப்பு என்றால் புவெல்லியா போன்றவற்றைப் பாருங்கள். ஆரஞ்சுத் திட்டில் ஆரஞ்சுத் தட்டுகள் இருந்தால் கலோப்ளாக்கா கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புக் கறையில் தட்டு இருக்காது. சிலவற்றில் தட்டுக்குப் பதில் கரும்புள்ளிகள் மட்டும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஓரம்

வெடித்த சேற்று நிலம் போல் துண்டு துண்டாக இருக்கிறதா, சுற்றிலும் கருப்புக் கோடு ஓடுகிறதா? ஆல்ப்ஸ் மலைகளிலும் ஆர்க்டிக்கிலும் வளரும் ரைசோகார்ப்பான் ஜியாக்ரஃபிகம் என்ற லைக்கன் இந்தக் கருங்கோட்டால்தான் வரைபடம் மாதிரித் தெரிகிறது. அது ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூட வளராது. அதன் விட்டத்தை அளந்து பனியாறு விட்டுச்சென்ற பாறைகளின் வயதைக் கணிக்கும் முறையை 1950-இல் ரோலண்ட் பெஷல் என்ற தாவரவியலாளர் முன்வைத்தார். கத்தி வேண்டாம் என்றது இதனால்தான்: நீங்கள் ஒரு நொடியில் சுரண்டுவது பல பத்தாண்டு வளர்ச்சியாக இருக்கலாம். கல்வெட்டைப் படிப்பதற்காகச் சுரண்டுகிறவர்களுக்கும் சொல்லுங்கள், இழைகள் பிடித்திருக்கும் கல் துகளும் கூடவே பெயர்ந்து வரும், எழுத்துதான் தேயும்.

படி 4: பதிவு

ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து முழுத் திட்டு ஒன்று, ஓரம் ஒன்று, லென்ஸ் வழியாகத் தட்டுகள் ஒன்று எனப் படம் எடுங்கள். எந்த வகைப் பாறை, வெயிலா நிழலா என்றும் எழுதுங்கள். இனப்பெயர் வரை போக அவசரப்படாதீர்கள்; அதற்குப் பல சமயம் ரசாயனச் சோதனையும் மைக்ராஸ்கோப்பில் வித்துகளைப் பார்ப்பதும் வேண்டும். பேரினத்தோடு நிறுத்திக்கொண்டாலே அது நல்ல பதிவு.