பதுங்குகுழிக் கத்தி சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதுங்குகுழிகளில் நேருக்கு நேர் மோதும்போது பயன்படுத்த வீரர்கள் வைத்திருந்த கத்திதான் பதுங்குகுழிக் கத்தி. முதல் உலகப் போர்க் காலத்து அத்தகைய கத்தி விற்பனைக்கு வந்தால், பெரும்பாலும் கூடவே ஒரு கதையும் வரும். "வெர்டன் சண்டையில் ஜெர்மானியனிடமிருந்து தாத்தா பறித்து வந்தது" என்பார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு அந்தக் கதைக்குக் காசு கொடுப்பதுதான். உலோகமும் முத்திரையும் தேய்மானமும் எதைச் சொல்கின்றனவோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள். படைப்பிரிவுப் பதிவோ, அந்தக் காலத்துக் கடிதமோ கத்தியோடு சேர்ந்து வந்தால் மட்டுமே கதைக்கு மதிப்பு.

அமெரிக்க ராணுவத்தின் 1918 'மார்க் 1' கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விரல்களும் நுழையும் வளையங்களோடு ஒரே வார்ப்பாக அமைந்த பித்தளைப் பிடி, பிடியின் அடியில் கூம்பு போன்ற குமிழ், இருபுறமும் கூர் வைத்த சுமார் 17 செ.மீ. அலகு. கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டனில் இருந்த லேண்டர்ஸ், ஃப்ராரி அண்ட் கிளார்க் நிறுவனம் இதில் சுமார் 1,20,000 கத்திகளைச் செய்து கொடுத்தது. தயாரிப்பு சூடுபிடிப்பதற்குள் 1918 நவம்பர் 11 வந்து போர் ஓய்ந்துவிட்டது. எனவே இதைக் காட்டி "பிரான்சின் பதுங்குகுழியில் ரத்தம் பார்த்த கத்தி" என்று ஒருவர் சொன்னால் ஐயப்படத்தான் வேண்டும். இந்த வகைக் கத்திகள் இரண்டாம் உலகப் போரில்தான் அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடும் ரேஞ்சர் படையினரோடும் களம் கண்டன. 1917-18இல் அமெரிக்க வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் அதற்கு முந்தைய 1917 மாதிரி: மரப்பிடி, இரும்புக் கைக்காப்பு, குத்த மட்டுமே பயன்படும் முக்கோண அலகு. தோற்றத்தில் எளிமையானது என்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் போரின் சான்றாகக் கூடுதல் மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது.

போலிகள் மலிந்திருப்பதும் மார்க் 1 வகையில்தான். பிடியில் 'யு.எஸ். 1918' என்ற எழுத்தைப் பார்த்ததுமே பையைத் திறந்துவிடாதீர்கள். போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அசல் பிடியிலிருந்தே அச்சு எடுக்கிறார்கள். உருகிய பித்தளை ஆறி இறுகும்போது சற்றுச் சுருங்கும் அல்லவா? அதனால் அப்படி வார்த்த பிடி அசலைவிட ஒரு சதவீதத்துக்கும் மேல் சிறியதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் அளவுகோலுக்குத் தெரியும். அருங்காட்சியகத்திலோ நம்பகமான சேகரிப்பாளரிடமோ ஒரு அசலின் அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பிறகு உருப்பெருக்கியை எடுங்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கிக் குழைந்திருக்கிறதா, வளையங்களின் உட்புறத்தில் புதிதாக அரம் போட்ட கீறல்கள் இருக்கின்றனவா, உண்மையில் விரல் பட வேண்டிய இடங்களில் தேய்மானமே இல்லாமல் படாத பள்ளங்களில் மட்டும் 'பழமை' பூசியிருக்கிறதா என்று பாருங்கள். நியூ பிரிட்டன் கத்திகளின் அலகு கறுப்பாக்கப்பட்டே வந்தது. கண்ணாடிபோல் மின்னினால் பின்னால் யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அலகில் சிங்க உருவமும் 'ஓ லியோன்' என்ற பெயரும் இருப்பதைப் பார்த்து, "அமெரிக்கக் கத்தியில் பிரெஞ்சுப் பெயரா, போலி!" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிரான்சிலிருந்த அமெரிக்கப் படைக்காக அங்கேயே செய்யப்பட்ட கத்திகளின் முத்திரை அது. அந்த முத்திரையையும் போலி செய்ய முடியும் என்பதால் மற்றச் சோதனைகளை விட்டுவிடக் கூடாது. முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடவும் கூடாது.

முத்திரையே இல்லாத கத்திகள் இன்னும் சிக்கலானவை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதுங்குகுழிக் கத்தியை வழங்கவில்லை. டட்லி நகரின் ராபின்ஸ் போன்ற நிறுவனங்களிடம் வீரர்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். ஜெர்மானியக் கத்திகளில் ராணுவம் ஏற்றதற்கு அடையாளமாகக் கிரீடமும் அதன் கீழ் ஓர் எழுத்தும் இருக்கும். தனிப்பட்ட முறையில் வாங்கியவற்றில் அது இருக்காது. 'பிரெஞ்சு ஆணி' எனப்படுவதோ, முள்வேலிக் கம்பத்தின் இரும்பைக் காய்ச்சி முனையைக் கூராக்கி, மறுமுனையைப் பிடியாக வளைத்தது. உலையும் சம்மட்டியும் உள்ள எவரும் இன்றைக்கும் ஒரே பிற்பகலில் அதைச் செய்துவிடலாம். தொடக்கநிலைச் சேகரிப்பாளர் பெரிய தொகை கொடுத்து அதை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது, என்னை உண்மையாகவே வருத்தப்பட வைக்கும் தவறு: துலக்குவது. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. நூறாண்டு கண்ட பிடியின் பழுப்புப் படலத்தைப் புளியோ பாலிஷோ போட்டு எடுத்துவிட்டால், அசல் என்று காட்டும் சான்றையே அழித்துவிட்டீர்கள் என்று பொருள். விலையும் அதோடு போகும். உப்புத்தாள், சாணைக்கல், அமிலம் எதுவும் வேண்டாம். அலகைக் கூராக்கவும் கூடாது. மென்மையான துணியில் சிறிது தாது எண்ணெய் தொட்டு, உதிரும் துருவை மட்டும் ஒற்றியெடுத்து, மேலே நுண்படிக மெழுகைப் பூசினால் போதும். தோலுறையோடு வந்த கத்தியை உறைக்குள் வைத்திருக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலம் இரும்பில் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் கிளப்பும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும். உறையையும் கத்தியையும் அருகருகே, தனித்தனியாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

போர்க்களத்துக்கே போய்த் தோண்டி எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். பிரான்சில் அனுமதியின்றி உலோகத் தேடுகருவியால் வரலாற்றுப் பொருள்களைத் தேடுவது குற்றம். சோம் பகுதியில் உழவர்களின் கலப்பையில் வெடிக்காத குண்டுகள் இன்றும் சிக்குகின்றன, நச்சுவாயுக் குண்டுகள் உட்பட. அந்த மண்ணில் மனிதர்களும் கிடக்கிறார்கள். கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் வட பிரான்சிலுள்ள நெவ் ஷாப்பெல் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு கத்தியின் பக்கத்தில் எலும்பு இருந்தால், அந்த இடத்தைக் கலைப்பவர் ஒரு வீரரின் அடையாளத்தையே கலைத்துவிடலாம்.

கடைசியாகச் சட்டம். பணம் கொடுத்த பிறகு இதைப் பற்றி யோசிப்பவர்கள் அதிகம். விரல் வளையம் உள்ள ஆயுதங்கள் கனடாவில் தடைசெய்யப்பட்டவை. பிரிட்டனில் அவற்றை வீட்டில் வைத்திருப்பதும் 2021 முதல் குற்றம். நூறாண்டைக் கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. அதாவது 1918இன் அசல் கத்தி தப்பும், அதன் இன்றைய நகல் தப்பாது. லண்டனில் போலியிடம் ஏமாந்தவருக்குப் பண நட்டத்தோடு வழக்கும் வரக்கூடும். இந்தியாவில் குத்துவாள், துப்பாக்கி முனைக்கத்தி போன்றவற்றின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ இருந்தால் 2016 ஆயுத விதிகளின் பிடிக்குள் வரும். முன்பு சொன்ன 1917 மாதிரியின் முக்கோண அலகு அந்த 9 அங்குல எல்லையை ஒட்டியே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், அலகின் நீளம், அகலம், பிடியின் அமைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துச் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே பதில் வாங்குங்கள். விற்பவரிடம் தயாரிப்பு ஆண்டைக் குறிப்பிட்ட ரசீதைக் கேளுங்கள். தரத் தயங்கினால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.