நாய் கேட் ஃபுட் சாப்பிட்டா என்ன ஆகும்? நாம பண்ணக்கூடாத தப்புகள்

பூனையோட கிண்ணத்துல நாய் வாய வச்சிடுச்சா, முதல்ல பதறாதீங்க. கேட் ஃபுட்ல நாய்க்கு விஷமா போற மாதிரி எதுவும் கிடையாது, நல்லா ஆரோக்கியமா இருக்கற நாய் என்னைக்கோ ஒரு நாள் கொஞ்சம் சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, மிஞ்சிப்போனா வயிறு கலங்கி லூசா போகும், ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகிடும். ஆனா இந்த "ஒண்ணும் ஆகல"ங்கறதுலதான் முதல் தப்பே ஆரம்பிக்குது, இன்னைக்கு ஒண்ணும் ஆகலன்னு நாளைக்கும் விட்டுடறோம், அப்புறம் அது தினசரி பழக்கமாயிடுது.

பூனை முழுக்க முழுக்க மாமிசத்த நம்பி வாழ்ற உடம்பு. டாரின்னு ஒரு சத்து, நாயோட உடம்பு சாப்பாட்டுல வர்ற மெத்தியோனின், சிஸ்டீன்ங்கற அமினோ அமிலங்கள்ல இருந்து அத தானே செஞ்சுக்கும், பூனையால தேவையான அளவு செஞ்சுக்க முடியாது. கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின வைட்டமின் ஏ-வா மாத்தறதும் நாய்க்கு வரும், பூனைக்கு வராது. அதனால கேட் ஃபுட்டையே வேற கணக்குல செய்யறாங்க. அமெரிக்கால பெட் ஃபுட்டுக்கு அளவு நிர்ணயிக்கற ஆஃப்கோ அமைப்பு, வளந்த நாய்க்கு குறைஞ்சபட்சம் 18% புரோட்டீன், 5.5% கொழுப்புன்னு வச்சிருக்கு, வளந்த பூனைக்கு அதுவே 26%, 9%. இது தண்ணிய கழிச்சிட்டுப் போட்ட கணக்கு, அதுவும் குறைஞ்சபட்சம்தான், கடையில இருக்கற பாக்கெட்ல பெரும்பாலும் இதவிட ஜாஸ்தியாவே இருக்கும்.

இங்கதான் நிறைய பேர் லேபிள தப்பா படிக்கறாங்க. டின்ல வர்ற கேட் ஃபுட்ல புரோட்டீன் 10%ன்னு போட்டிருக்கும், நாயோட ட்ரை ஃபுட்ல 24%ன்னு இருக்கும், "அட இது கம்மிதானே, கொடுத்தா என்ன"ன்னு தோணும். ஆனா அந்த டின்ல 78% தண்ணி. மிச்சம் இருக்கற 22%ல 10 புரோட்டீன்னா தண்ணிய எடுத்துட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 45% வருது. நாயோட பாக்கெட்டுல தண்ணி 10% இருந்தா அதே கணக்குப்படி 27%தான். லேபிள்ல இருக்கற நம்பர நேருக்கு நேர் வச்சுப் பாக்காதீங்க, ஈரப்பதத்த கழிச்சிட்டுப் பாருங்க.

அடுத்தது கலோரி. 5 கிலோ இருக்கற சின்ன நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தமா சுமார் 350 கிலோ கலோரி போதும். ட்ரை கேட் ஃபுட் 100 கிராம்லயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கு. அதாவது பூனைக்குன்னு வச்ச ஒரு கிண்ணத்த காலி பண்ணா அன்னைக்கு முழுசுக்குமான சாப்பாடு முடிஞ்சுது, நீங்க அதுக்கு மேல நாயோட சாப்பாட்டயும் ரெண்டு வேளை வைக்கறீங்க. 30 கிலோ நாய்க்கு அதே கிண்ணம் கால்வாசிதான். "அவங்க வீட்டு நாய் தினமும் சாப்பிடுது, நல்லாதானே இருக்கு"ன்னு பெரிய நாயப் பாத்து சின்ன நாய்க்கு முடிவு பண்றது ரொம்பத் தப்பு.

எங்க வீட்டுல நாங்களே இத செஞ்சோம். பூனைக்கு எப்பவும் கிண்ணம் நிறைய வச்சே இருப்போம், அது நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கொறிக்கும்னு. நாய் குண்டாகிட்டே போச்சு, அதோட சாப்பாட்ட குறைச்சோம், மறுபடி குண்டாச்சு, இன்னும் குறைச்சோம். ஒரு தடுப்பூசிக்குப் போனப்போ டாக்டர் எடை போட்டுப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல பூனை இருக்கா?" அன்னைக்குதான் உறைச்சுது. நாயப் பத்தின கவலைல பூனைய நாங்க கவனிக்கவே இல்ல, தூக்கிப் பாத்தா முதுகெலும்பு கைல தட்டுபட்டுச்சு. இத இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். நாய் திருடுற சாப்பாடு பூனையோட பங்கு, அது ரெண்டு மூணு நாள் சரியா சாப்பிடாம போனாலே அதோட கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லா நாய்க்கும் ஒரே பதில் சொல்றதும் தப்பு. ஏற்கனவே கணையத்துல வீக்கம் வந்த நாய், ரத்தத்துல கொழுப்பு அதிகமா இருக்கற நாய், மினியேச்சர் ஷ்னாசர் மாதிரி அந்தப் பிரச்சனை வர வாய்ப்பு ஜாஸ்தியான ஜாதி, இதுங்களுக்கு "கொஞ்சம்தானே"ங்கற பேச்சே வேண்டாம், கொழுப்பான ஒரு வேளை சாப்பாடே சில நாய்க்கு கணையத்த தூண்டி விட்டுடும். புரோட்டீன் அதிகமானா கிட்னி போயிடும்னு எல்லா நாய்க்கும் பயமுறுத்தறாங்க, ஆரோக்கியமான நாய்க்கு அப்படி பயப்படத் தேவையில்ல, ஆனா கிட்னி ஏற்கனவே பலவீனமா இருக்கற நாய்க்கு கேட் ஃபுட்ல இருக்கற புரோட்டீனும் பாஸ்பரஸும் நிஜமாவே பாரம். சிக்கன், மீன்னு ஏதாவது அலர்ஜி இருக்கற நாய்க்கு டாக்டர் சொன்ன டயட் ஓடிட்டிருந்தா பூனை கிண்ணத்துல ஒரு வாய் போதும், அத்தன வாரப் பத்தியமும் வீணாப்போகும். பூனைக்கு யூரின் பிரச்சனைக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்பெஷல் ஃபுட்ட நாய்கிட்ட கிட்டயே விடாதீங்க, அது சிறுநீரோட அமிலத் தன்மையவே மாத்தறதுக்காக செஞ்சது.

சாப்பிட்டதுக்கு அப்புறம் பதட்டத்துல பண்றது இன்னும் மோசம். உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, கேட் ஃபுட் விஷம் இல்ல, ஆனா அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம். வயிறு வலிக்குதுன்னு நெனச்சு நம்ம மாத்திரையக் கொடுக்காதீங்க, இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எல்லாம் நாயோட வயிறு, கிட்னி, கல்லீரல கெடுத்துடும். குட்டி நாய பட்டினி போட்டு வயித்த சரி பண்ணலாம்னு இறங்காதீங்க, அதுங்களுக்கு சீக்கிரமே சுகர் குறைஞ்சு மயக்கம் வந்துடும். தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கட்டும், அடுத்த வேளை சாப்பாட்ட குறைச்சு வைங்க, கவனிச்சுட்டே இருங்க, அவ்வளவுதான்.

எப்ப ஓடணும்னா, திரும்பத் திரும்ப வாந்தி, வயித்த தொட்டா கத்தறது, முன்னங்கால நீட்டி தரையில படுத்துகிட்டு பின்பக்கத்த மட்டும் தூக்கி வச்சுக்கறது, சாப்பாட்டப் பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்கறது, மலத்துல ரத்தம். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் காத்திருக்காதீங்க. முழு பாக்கெட்டயும் கிழிச்சு சாப்பிட்டு, வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பாத்தும் ஒண்ணும் வரலன்னா அது நடுராத்திரியா இருந்தாலும் அப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போற விஷயம், நெஞ்சு ஆழமா இருக்கற பெரிய ஜாதி நாய்ல வயிறு முறுக்கிக்கற ஆபத்து உண்டு, அது மணிக்கணக்குல உயிர எடுத்துடும்.

இன்னொரு தப்பு, நாய் சாப்பிட்டுட்டு இருக்கறப்போ கத்திகிட்டே கிண்ணத்தப் புடுங்கறது. அப்படி செஞ்சா அடுத்த தடவ இன்னும் வேகமா முழுங்கும், இல்ல கிட்ட போனா உறும ஆரம்பிக்கும். பூனையால ஏற முடிஞ்ச, நாயால முடியாத உயரத்துல கிண்ணத்த வைங்க. பூனைக்கு வயசாகி ஏற முடியலன்னா ஒரு ரூம்ல வச்சு, நேரம் பாத்து அளந்து போட்டு, இருபது முப்பது நிமிஷத்துல எடுத்துடுங்க. பூனைய அடையாளம் தெரிஞ்சுக்க அதோட தோலுக்கு அடியில வைக்கற மைக்ரோசிப்ப பாத்து அதுக்கு மட்டும் மூடி திறக்கற கிண்ணமும் வருது.

இதோட மறுபக்கம் இன்னும் ஆபத்து. ரெண்டுக்கும் ஒரே பாக்கெட் போதும்னு பூனைக்கு டாக் ஃபுட் போடாதீங்க. டாரின் பத்தாம போனா பூனைக்கு விழித்திரை கெட்டு கண்ணு போகும், இதயம் பெருத்து பலவீனமாகும், இதயத்துக்கும் டாரினுக்கும் இருக்கற இந்தத் தொடர்ப 1987ல ஆராய்ச்சியா வெளியிட்டாங்க, அதுக்கப்புறம்தான் கேட் ஃபுட்ல டாரின கூட்டினாங்க. இதயப் பாதிப்ப சீக்கிரம் கண்டுபிடிச்சா தேறலாம், போன கண்ணு திரும்பாது.

மாசக்கணக்கா கேட் ஃபுட்டுக்கே பழகின நாயா இருந்தா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, வயிறு தாங்காது. 7லேர்ந்து 10 நாள் எடுத்துக்கோங்க, முதல்ல முக்கால் பங்கு பழசு கால் பங்கு புதுசு, அப்புறம் பாதிப் பாதி, அப்புறம் முக்கால் புதுசு. கேட் ஃபுட்டோட வாசனையும் கொழுப்பும் தூக்கலா இருக்கறதால முதல் ரெண்டு நாள் கிண்ணத்தப் பாத்துட்டு உங்க மூஞ்சியப் பாக்கும், அப்போ மனசு இளகிடாதீங்க, டாக் ஃபுட்லயே கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி வைங்க, வாசனை எழும்பினா தானா வந்து சாப்பிடும்.