அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கேரி பக்கம் புதிதாக வந்து, வீட்டிலேயே பாடம் சொல்ல யோசிக்கிறவர்களுக்கு

ஜூன் மாதம் வந்து இறங்கியிருப்பீர்கள். பெட்டி பாதி பிரிக்காமல் கிடக்கும், இருப்பது ஒரே கார், அதையும் அவர் ஆபீசுக்கு எடுத்துப் போயிருப்பார், பிள்ளை "எனக்கு எப்போ ஸ்கூல்?" என்று நாளைக்கு நாலு தடவை கேட்கும். அப்போது பார்த்து பூங்காவில் ஒரு அம்மா, நாங்கள் ஹோம்ஸ்கூல் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். எங்களுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, இது நாலாவது வருடம். நான் சொல்வதெல்லாம் வட கரோலினாவுக்கு மட்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்ஸாஸில் இருக்கிற உங்கள் நாத்தனார் "யாருக்கும் எதுவும் எழுதித் தர வேண்டாம்" என்று சொன்னால் அது அங்கே சரி, இங்கே சரியில்லை.

முதலில் காகித வேலை, அது கொஞ்சம்தான். இங்கே வீட்டுப் பள்ளிகளைக் கவனிப்பது டி.என்.பி.இ. (அரசு சாராக் கல்விப் பிரிவு) என்கிற மாநில அலுவலகம். வீட்டுப் பள்ளி நடத்தப் போகிறோம் என்று அவர்களுக்கு ஓர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். நடத்துகிறவர் பிளஸ் டூ முடித்ததற்குச் சான்று வேண்டும். நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆகவே பெட்டியின் அடியிலிருந்து இரண்டையும் எடுத்து ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கல்வியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது, அதனால் ஜூலை பிறந்த பிறகு இந்த வேலையில் இறங்கினால் போதும். பிள்ளையை ஏற்கெனவே அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டீர்கள் என்றால், அலுவலகத்திலிருந்து ஒப்புதல் கைக்கு வரும்வரை அங்கிருந்து நிறுத்தாதீர்கள். நடுவில் விடுபடும் நாட்கள் வீண் தலைவலி. இங்கே பள்ளியிலேயே சேர்க்காத, ஏழு வயது ஆகாத குழந்தை என்றால் அறிவிப்பே வேண்டாம், சும்மா விளையாட விடுங்கள்.

அந்தப் படிவத்தில் உங்கள் பள்ளிக்கு ஒரு பெயர் கேட்பார்கள். சிரிக்காதீர்கள், நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்குச் செலவழித்து, சங்கத்தமிழ் வாசனையோடு நீளமாக ஒன்று வைத்தோம். இன்றுவரை போனில் அதை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு மதிப்பெண் சான்றிதழிலும் அதே பெயர்தான் ஏறும். சின்னதாக வையுங்கள்.

இனி நான் பட்ட பாடு. முதல் ஜூலையில் பயத்தில் ஒரு முழுப் பெட்டி பாடத்திட்டம் வாங்கினேன், 400 டாலருக்கு மேல். எல்லாப் பாடமும், 36 வாரத்துக்கும், நாள்வாரியாகப் போட்டு வந்தது. சுவரில் அட்டவணை ஒட்டினேன், எட்டரைக்குப் பிரேயர் (சத்தியமாக), நாற்பது நிமிடத்துக்கு ஒரு பீரியட், அலைபேசியில் மணிச் சத்தம்கூட வைத்தேன். அதாவது சென்னையில் எந்தப் பள்ளியை விட்டு வந்தோமோ அதையே சாப்பாட்டு மேசையில் கட்டி எழுப்பினேன். தீபாவளி வருவதற்குள் என் பெண் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள், நான் வெளியே நின்று கத்த ஆரம்பித்தேன். பெட்டியில் பாதிக்கு மேல் பிரிக்காமலே இன்னொரு குடும்பத்துக்குப் போனது.

அதனால் என் யோசனை: முதல் கோடையில் எதையும் வாங்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, அது எதில் தடுக்குகிறது, எதில் தன்னை மறக்கிறது என்று மட்டும் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். என் பெண்ணுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியும், ஆனால் கடையில் சில்லறையைக் கையில் கொடுத்தால் திகைத்து நிற்பாள். டைம் என்கிற நாணயம்தான் எல்லாவற்றிலும் சின்னது, மதிப்போ பத்து சென்ட். அதைவிடப் பெரிதாக இருக்கும் நிக்கல் ஐந்து சென்ட்தான். "சின்னதுக்கு எப்படிம்மா ஜாஸ்தி?" என்று உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அங்குலம், அவுன்ஸ், ஃபாரன்ஹீட், மாதத்தை முன்னால் போட்டு எழுதும் தேதி, கலர் என்பதில் காணாமல் போன 'யூ', லட்சம் கோடி இல்லாத கமா. இதெல்லாம் பாடப்புத்தகத்துக்கு முந்தின பாடம், கோடை முழுக்க மளிகைக் கடையிலும் அடுப்படியிலும் இலவசமாக நடக்கும். தோசை மாவுக்கு அரிசியைக் கப்பில் அளக்கச் சொன்னால் பின்னம் தானாக வரும். வெயில் சென்னைக்குச் சளைத்ததில்லை, சாயங்காலம் இடி மழை வேறு. ஆகவே வெளியே போவதென்றால் காலையில். கேரி இருக்கும் மாவட்டமான வேக் கவுண்டியின் நூலக அட்டை இங்கே வசிக்கிறவர்களுக்கு இலவசம், வீட்டு முகவரிக்கு ஓர் ஆதாரம் கிடைத்த அன்றே வாங்கிவிடுங்கள். ராலியில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். நாங்கள் ஒரு திங்கட்கிழமை கட்டுச்சோற்றோடு போய் வாசலில் நின்றிருக்கிறோம்.

ஆகஸ்ட் பிறந்ததும் திட்டம் போடலாம். வருடம் முழுவதற்கும் வேண்டாம், தீபாவளி வரைக்கும் போடுங்கள். பென்சிலால். வாசிப்பும் கணக்கும் மட்டும் முதல் மூன்று வாரம், நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அது பழகிய பிறகு அறிவியல், பிறகு மற்றது. சட்டம் கேட்பது வருடத்தில் குறைந்தது ஒன்பது மாதம் ஒழுங்காகப் பாடம் நடக்க வேண்டும் என்பதை. எந்த ஒன்பது என்பது உங்கள் விருப்பம். இந்த ஊரில் இது புதிதும் இல்லை. வேக் கவுண்டியின் சில அரசுப் பள்ளிகளே ஒன்பது வாரம் பாடம், மூன்று வாரம் விடுமுறை என்று ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன, அந்த விடுமுறைக்கு ட்ராக் அவுட் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எந்த ட்ராக், அதாவது எந்தச் சுற்றுக் குழு என்று கேட்டு, அவர்களுக்கு விடுமுறை வரும் வாரத்தில் நீங்களும் இளைப்பாறினால் விளையாட ஆள் கிடைக்கும். ஊருக்குப் போவதையும் இதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் போனால் அங்கே சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் பள்ளியில் இருப்பார்கள், இவள் மட்டும் தாத்தாவோடு டிவி பார்ப்பாள். நாங்கள் இப்போது பொங்கலை ஒட்டி ஐந்து வாரம் போய்வருகிறோம், அதற்காக ஜூலையிலேயே கொஞ்சம் பாடம் ஓட்டிவிடுகிறோம்.

வீட்டில் இருக்க வேண்டிய பதிவுகள் மூன்று: வருகைக் கணக்கு, தடுப்பூசிச் சான்று, ஆண்டுக்கு ஒரு முறை எழுதும் தேர்வின் முடிவு. தடுப்பூசிக்கு நம் ஊர் மஞ்சள் அட்டையை முதல் தடவை குழந்தை மருத்துவரிடம் போகும்போதே கையோடு கொண்டுபோங்கள். தேர்வு, நாடு முழுக்க ஒரே அளவில் எழுதப்படும் ஒன்றாக இருக்க வேண்டும், அதில் ஆங்கில இலக்கணம், வாசிப்பு, ஸ்பெல்லிங், கணக்கு நான்கும் வர வேண்டும். அப்படி ஒன்றான கலிபோர்னியா அச்சீவ்மென்ட் டெஸ்டைப் பெற்றோரே வீட்டில் நடத்தலாம். முடிவை யாருக்கும் அனுப்ப வேண்டாம், குறைந்தது ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தால் போதும். பாஸ், ஃபெயில் என்று எதுவும் இல்லை என்பதை மாமியாருக்கும் சொல்லிவிடுங்கள்.

தமிழைப் பாட்டி தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர்கள் வந்திருக்கும் ஆறு மாதம் காலையில் அரை மணி தமிழ், புத்தகம் கிடையாது. அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கதை சொல்வார், அவள் அதை நோட்டில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை ஏராளம், நான் திருத்துவதில்லை. அவர்கள் இல்லாத மாதங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி.

இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பள்ளியில் டி.சி. கேட்பார்கள், வீட்டுப் பள்ளிக்கு டி.சி. யார் தருவது? ஒவ்வொரு பாடத்திலும் மாதம் ஒரு தாளைத் தேதி போட்டுக் கோப்பில் சேர்த்து வையுங்கள், தேர்வு முடிவுகளையும் அதிலேயே. பத்தாம் வகுப்பை நெருங்கிவிட்டால் இந்திய அரசின் என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி, அதில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கணவரின் வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வந்து வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு. இந்தக் கோடையில் பிள்ளையின் அட்டவணைக்கு முன்னால் உங்கள் ஓட்டுநர் உரிமத்துக்கு நாள் குறியுங்கள். கார் ஓட்டத் தெரியாமல் இங்கே வீட்டுப் பள்ளி நடத்துவது, ஜன்னலைத் திறக்காமல் மீன் பொரிப்பது மாதிரி. நான் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன், பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். உரிமம் கிடைத்த மறுநாள் அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து நூலகத்துக்கு ஓட்டிப் போனேன், வழி நெடுக இருபத்தைந்து மைல் வேகத்தில்.