மரங்கொத்தி குறைகிறதா? ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்க்கும் முறை

ஒரு மரங்கொத்தி இனம் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு குறைந்துவந்தால், 10 ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். களத்தில் நிற்பவருக்கு இது தெரியாது. 20, 19, 22, 18 என்று எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சரிவைப் பிடிக்க வேண்டுமானால் எண்ணும் முறை எந்த ஆண்டிலும் மாறக் கூடாது.

முதலில் இடத் தேர்வு. பலர் சறுக்குவது இங்கேதான். மரங்கொத்தி இருப்பது தெரிந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கே எண்ணிக்கை இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். பொந்து மரம் சாயும், பறவை அரை கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகும். உங்கள் ஏட்டிலோ அது வீழ்ச்சியாகப் பதிவாகும். எனவே வரைபடத்தில் கட்டம் போட்டு, குலுக்கல் முறையில், நின்று எண்ணுவதற்கு 30 புள்ளிகளாவது எடுங்கள். பறவையே இல்லாத இடங்களும் அதில் வரட்டும். உரத்த குரல் தொலைவுக்குக் கேட்கும் என்பதால் புள்ளிகளுக்கிடையே 500 மீட்டர் விடுங்கள்.

இனப்பெருக்கப் பருவத் தொடக்கத்தில், மரத்தைத் தட்டி எல்லை அறிவிக்கும் நாட்களில் போங்கள். அடைகாக்கத் தொடங்கிவிட்டால் பறவை அடங்கிவிடும். விடிந்து 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு புள்ளியில் 10 நிமிடம், பருவத்துக்கு 3 முறை. மூன்று முறை போவது வீண் வேலையல்ல. பறவை இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அதிலிருந்துதான் கணக்கிட முடியும். சிறு கிளைகள் ஓயாமல் ஆடும் காற்றிலும் மழையிலும் எண்ண வேண்டாம்.

ஒவ்வொரு பறவைக்கும் திசை, தூரம் (50 மீட்டருக்குள், 100க்குள், அதற்கப்பால்), கண்டதா கேட்டதா என்று எழுதுங்கள். தட்டும் ஓசை மட்டும் கேட்டு, இனம் உறுதியாகாவிட்டால் 'இனம் தெரியாத மரங்கொத்தி' என்றே எழுதுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால் பறவை கூடுதலாகப் பதில் தரும். ஆனால் அதை எல்லா ஆண்டும் செய்யுங்கள், அல்லது செய்யவே செய்யாதீர்கள்.

எண்ணுபவர் மாறினாலும் எண்ணிக்கை மாறும். வட அமெரிக்காவில் 1966 முதல் நடக்கும் இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு தடத்துக்கு 50 நிறுத்தங்கள், நிறுத்தத்துக்கு 3 நிமிடம். அங்கே, புதியவரின் முதல் ஆண்டுப் பதிவைப் பகுப்பாய்வில் தனியாகக் கையாள்வார்கள். பழகப் பழகக் காது கூர்மையாகி எண்ணிக்கை கூடுவதே காரணம். முடிந்தால் பழையவரும் புதியவரும் ஒரு பருவம் சேர்ந்து போகட்டும்.

புள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் நிற்கும் பட்ட மரங்களையும் ஆண்டுதோறும் எண்ணுங்கள். பறவை ஏன் குறைந்தது என்று பின்னாளில் கேள்வி வரும்போது இந்தக் கணக்கு இல்லாமல் திண்டாடுவீர்கள்.

பகுப்பாய்வில் முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் ஒப்பிடக் கூடாது. ஒரு நல்ல ஆண்டே முடிவைப் புரட்டிவிடும். எண்ணிக்கைத் தரவுக்கான புள்ளியியல் மாதிரிகளான பாய்சான் (Poisson) அல்லது எதிர்ம ஈருறுப்பு (negative binomial) மாதிரியில் எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். புள்ளியும் எண்ணியவரும் அதில் இடம்பெறட்டும். பறவை இல்லாத நாளுக்கு 0, போக முடியாத நாளுக்கு வெற்றுக் கட்டம். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை.