இன்ஜின் மாற்றிய ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டப்போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சீராக ஓட எவ்வளவு சக்தி வேண்டும்? காற்றைப் பிளந்து செல்ல 7 முதல் 8 கிலோவாட். டயர்களின் உருளல் தடைக்கு இன்னும் 3 கிலோவாட். ஆகமொத்தம் 11 கிலோவாட், குதிரைத்திறனில் சொன்னால் 15.

இன்ஜின் மாற்றத் திட்டமிடும் பலர் இந்த 15 என்ற எண்ணை எழுதிவைப்பதே இல்லை. 200, 300, 400 என்ற எண்களைத்தான் எழுதுகிறார்கள். வேகமான கார் வேண்டுமென்று ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் தினமும் வேலைக்குப் போய்வரும் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த 15 குதிரைத்திறனில்தான் கழிக்கிறது. அந்த நிலையில் இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதே மைலேஜையும், இரைச்சலையும், ஓட்டுபவரின் களைப்பையும் தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

உச்ச சக்தியை மட்டும் பார்த்து இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது

பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, காற்று உள்ளே போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சப் பிஸ்டன்கள் வீணாக உழைக்கின்றன. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுவதைப் போன்றது அது. அதனால்தான் ஒரு பெட்ரோல் இன்ஜின் நடுத்தரச் சுழற்சியில், முக்கால் பங்கு சுமையில் மிகச் சிக்கனமாகவும், மிகக் குறைந்த சுமையில் அதே அளவு வேலைக்கு மிக அதிக எரிபொருளைக் குடிப்பதாகவும் இருக்கிறது. பெரிய இன்ஜினை லேசாக வேலை வாங்குவதைவிட, அளவான இன்ஜினை ஓரளவு நன்றாக வேலை வாங்குவது சிக்கனம்.

பந்தயத்துக்கான கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பொருத்திய இன்ஜினை வாங்குவது இதைவிட மோசம். உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கால அளவு அதில் நீளம். நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளில் அது வரம். 1,500 சுற்றுகளில் எரிந்த வாயு திரும்பி உள்ளே புகுந்து, இன்ஜின் தள்ளாடும். நெரிசலில் ஒரு வாரம் ஓட்டினால் போதும், அந்தக் கேமின் மேல் உள்ள காதல் வற்றிவிடும்.

சுழலும் திசையையும் பாருங்கள். ஹோண்டாவின் பழைய பி வரிசை இன்ஜின்கள் மற்ற பெரும்பாலான இன்ஜின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. அவற்றை வழக்கமான பின்சக்கர இயக்கக் கியர்பாக்ஸோடு நேராக இணைத்தால், முன்னோக்கிய கியர்கள் எல்லாம் காரைப் பின்னோக்கி ஓட்டும். பிறகு வந்த கே வரிசை வழக்கமான திசைக்கு மாறியது. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் அது இவ்வளவு விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கியர் விகிதத்தைக் கணக்கிடாமல் விடுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். நன்றாகக் கட்டிய பல கார்கள் இங்கேதான் தோற்கின்றன.

கணக்கு எளிது. வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றுங்கள், 100 கி.மீ. வேகம் என்றால் 1,667 மீட்டர். அதை டயரின் சுற்றளவால் வகுத்தால் சக்கரத்தின் சுழற்சி கிடைக்கும். அதைப் பின் ஆக்ஸிலின் விகிதத்தாலும் (கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்ற எண்), போட்டிருக்கும் கியரின் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜினின் சுழற்சி.

1989-இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.81 மீட்டர். ஆக்ஸில் விகிதம் 4.3, ஐந்தாவது கியர் 0.814. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 3,200 சுற்றுகளைத் தாண்டி ஓடும். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு அது பொருத்தமாக இருந்தது. அதே காரில் இரட்டிப்பு முறுக்குவிசை தரும் இன்ஜினைப் பொருத்தி, ஆக்ஸிலை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? தேவை அதே 11 கிலோவாட்தான். பெரிய இன்ஜின் 3,200 சுற்றுகளில் 33 நியூட்டன் மீட்டர் மட்டும் கொடுத்துக்கொண்டு, த்ராட்டிலை மூடிக்கொண்டு, எரிபொருளை உராய்வில் கரைத்துக்கொண்டு ஓடும். 2,000 சுற்றுகளுக்கு இறக்கினால் அதே வேலைக்கு 52 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது த்ராட்டில் அதிகம் திறக்கும், உராய்வு குறையும், மைலேஜ் ஏறும்.

இதைத் தொழிற்சாலையிலேயே செய்து காட்டிய உதாரணம் 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட். 5.7 லிட்டர் வி8 இன்ஜின். ஆனால் ஆறு கியர் கொண்ட மேனுவல் காரில் கடைசிக் கியரின் விகிதம் 0.50, ஆக்ஸில் 3.42. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 1,400 சுற்றுகளுக்கும் கீழேதான் ஓடும். அவ்வளவு பெரிய இன்ஜின் நெடுஞ்சாலையில் எதிர்பாராத சிக்கனத்தைக் காட்டியதில் அந்தக் கியருக்குப் பெரிய பங்கு உண்டு.

டீசல் இன்ஜினைப் பொருத்த நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 1.9 டிடிஐ போன்ற இன்ஜின் 4,000 சுற்றுகளுக்கு அருகிலேயே தன் உச்ச சக்தியைக் கொடுத்துவிடும். மேலே சொன்ன எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் அதை வைத்தால், முதல் கியர் 32 கி.மீ. வேகத்திலேயே முடிந்துவிடும், ஐந்தாவது கியரில் 4,000 சுற்றுகளுக்கு 124 கி.மீ. வேகம்தான் வரும். டீசலின் சிக்கனமான 1,900 சுற்றுகளில் 100 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் ஆக்ஸில் விகிதம் 2.5 அளவுக்கு இறங்க வேண்டும். அப்படி ஓர் ஆக்ஸில் அந்தக் காருக்குக் கிடைக்குமா என்பதை இன்ஜின் வாங்கும் முன்பே தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கியர்பாக்ஸை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆக்ஸில் விகிதத்தை மட்டும் அளவுக்கு மீறி இறக்கினால் முதல் கியரும் நீண்டுவிடும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதெல்லாம் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஓட்ட வேண்டி வரும். கிளட்ச் சீக்கிரம் தேயும். மேல் கியரில் மிகக் குறைந்த சுழற்சியில் முழுச் சுமை ஏற்றினால் இன்ஜின் தட்டத் தொடங்கும். எனவே முதல் கியருக்கும் கடைசிக் கியருக்கும் இடையே அகலமான இடைவெளி உள்ள கியர்பாக்ஸைத் தேடுங்கள். பந்தயத்துக்கான நெருக்கமான விகிதங்கள் தினசரிக் காருக்கு உதவாது.

தனி இன்ஜினை மட்டும் வாங்குவது

பழைய உதிரிபாகக் கிடங்கிலிருந்து இன்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது மலிவாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும்: வயரிங் தொகுதி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, அதற்குரிய சாவி, எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் பெடல், ஆக்சிஜன் சென்சார்கள், ஏசி கம்ப்ரசர் தாங்கி, பெயர் கூடத் தெரியாத ஒரு கனெக்டர். விபத்தில் அடிபட்டிருந்தாலும் முழுக் காரையும் வாங்குவதே என் பரிந்துரை. இன்ஜின் ஓடுவதைக் கேட்டுவிட்டு வாங்கலாம். பிரிக்கும்போது எந்த வயர் எங்கே போகிறது என்பதையும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் உங்கள் பகுதியின் பதிவு விதிகளையும் புகைச் சோதனை விதிகளையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் காரின் ஆண்டைவிடப் பழைய இன்ஜினுக்கு அனுமதி கிடையாது. சில இடங்களில் மாற்றமே கூடாது. பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது மனத்தை உடைக்கும்.

முழு மிதியில் மட்டும் ட்யூன் செய்வது

இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோ மேடையில் காரை ஏற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, சக்திக் கோடு அழகாக எழும்பும்வரை மென்பொருளைத் திருத்துகிறார்கள். அச்சடித்த காகிதத்தோடு வீட்டுக்கு வருகிறோம். மறுநாள் காலை குளிரில் இன்ஜின் இருமுகிறது, சிக்னலில் அணைகிறது, டேங்க் சீக்கிரம் காலியாகிறது. முழு மிதியில் ஓடும் நேரம் ஒரு நாளில் சில விநாடிகள்தான் என்பதை அந்தக் காகிதம் சொல்வதில்லை.

தொழிற்சாலை இசியூவில் குளிர்த் தொடக்கம், ஏசி போட்டால் ஐடில் உயர்வது, உயரமான இடங்களில் கலவை மாறுவது எல்லாம் நீண்ட சோதனைகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. முடிந்தால் அந்த இசியூவையே வைத்துக்கொள்ளுங்கள். சக்கர வேகம், கியர் நிலை போன்ற தகவல்கள் வராவிட்டால் அது சக்தியைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு நிலைக்குப் போகக்கூடும் என்பதால், அந்தத் தகவல்களைக் கொடுக்கும் வழியை முதலிலேயே திட்டமிட வேண்டும். தனி இசியூதான் வழி என்றால், பகுதி மிதிக்கும் குளிர்த் தொடக்கத்துக்கும் நேரம் ஒதுக்கும் ட்யூனரைத் தேடுங்கள். சீரான ஓட்டத்தில் காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தில் இருந்தால்தான், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும்.

சைலன்சரில் பட்டாசுச் சத்தம் வரும்படி ட்யூன் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காலை எடுத்தவுடன் எரிபொருளை முழுதாக நிறுத்துவது நவீன இசியூவின் அருமையான சிக்கன வழி. அந்தச் சத்தத்துக்காக அதை ஒழித்துவிட்டு, வெளியேற்றுக் குழாயில் பெட்ரோலை எரித்து, கன்வெர்ட்டரையும் கெடுக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் வரவில்லையா? ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள வெளியேற்றுக் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். புதிதாகப் பற்றவைத்த குழாய்களில் சிறு கசிவு இருப்பது சகஜம். அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும். இசியூ அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாமலே இது மாதக்கணக்கில் நடக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை குளிர்நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. புது இன்ஜின் சூடேறினால் உடனே கேட்கும் அறிவுரை இது. கழற்றினால் வெப்பமானி முள் இறங்கும், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது. இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து இசியூ கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆயில் தடித்தே இருக்கும், தேய்மானம் கூடும். சூட்டின் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகள் வழியாகக் காற்று நழுவிப் போகும். தகடு வைத்து அடைத்தால் பழைய அளவு ரேடியேட்டரே போதுமானதாகிவிடலாம். டொயோட்டா எம்ஆர்2 போல இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள கார்களில், நீண்ட குழாய்களில் சிக்கிய காற்றே பெரும்பாலும் குற்றவாளி. மிக உயரமான இடத்தில் காற்று வெளியேறும் திருகு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிய, காரின் அடிப்பக்கத்தை மூடும் தட்டுகளைத் திரும்பப் பொருத்துங்கள். அவை காற்றுத் தடையைக் குறைக்கின்றன. பார்வைக்காக அகலமான ஒட்டும் டயர்களைப் போடுவதும் உருளல் தடையை ஏற்றும்.

உடலுக்கு வரும் துன்பத்தை மறப்பது

கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டுகளில் (இன்ஜினைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் துண்டுகள்) இன்ஜினை நிறுத்தினால் சிக்னலில் கண்ணாடி முதல் பல்வரை அதிரும். இறக்குமதி செய்த விலையுயர்ந்த மவுண்டைவிட, அந்த இன்ஜின் பிறந்த காரின் ரப்பர் மவுண்டுக்கு ஏற்பத் தாங்கியை வடிவமைப்பது மேல். கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாகவும், 3 டிகிரிக்குள்ளும் இருக்கட்டும். இல்லையென்றால் வேகம் கூடக்கூட ஒரு முனகல் கிளம்பும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,000 சுற்றுகளில் விநாடிக்கு ஏறத்தாழ 67 முறை வெடிக்கிறது. சைலன்சரும் கேபினும் அந்த அதிர்வெண்ணுக்கு ஒத்திசைந்தால், நீங்கள் பாடுபட்டு அமைத்த சிக்கனமான வேகத்திலேயே தலைவலி தரும் ரீங்காரம் எழும். அதைத் தவிர்க்க வேகத்தைக் கூட்டுவீர்கள், மைலேஜ் போய்விடும். வெளியேற்றுக் குழாயில், முனை மூடிய பக்கக் குழாய் ஒன்றைச் சரியான நீளத்தில் இணைத்தால் இந்த ஒலி பெருமளவு அடங்கும்.

ஏசியையும் கண்ணாடிப் பனியை அகற்றும் சூடான காற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். இன்ஜின் உட்கார்ந்த பிறகு கம்ப்ரசருக்கு இடம் இருக்காது.

அளக்காமல் நம்புவது

டயரின் விட்டத்தையோ ஆக்ஸிலையோ மாற்றிய பிறகு ஓடோமீட்டர் உண்மை சொல்வதில்லை. 578 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 600 மி.மீ. டயரைப் போட்டால், கார் ஓடிய தூரத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு கணக்கில் வராது. ஆக்ஸில் மாறினால், வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் கார்களில் பிழை இன்னும் பெரிது. வேக சென்சாரை ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அதன் பிறகு டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிடும் பழைய முறையே நம்பகமானது.

பழைய இன்ஜினை இறக்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். அதே சாலை, அதே ஓட்டுநர், ஐந்தாறு டேங்க். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் நாளில் அந்த எண்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் வெளியே வந்துவிட்டால் அவற்றைப் பெற வேறு வழியில்லை.