ஷெல்டி (ஷெட்லாந்து ஷீப்டாக்) நாய்க்குட்டிகளின் முதல் இரண்டு வாரம்

குட்டி பிறந்ததும் பாலைவிட முக்கியம் சூடு. முதல் இரண்டு வாரம் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது, அதனால் முதல் வாரம் குட்டிகள் இருக்கும் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக விடுங்கள், சூடு அதிகமானால் குட்டி அங்கே ஊர்ந்து போய்விடும். சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள். செரிக்காது. மெதுவாகச் சூடேற்றுங்கள், அப்புறம் பால்.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். ஷெல்டி குட்டி கையளவுதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சுமார் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் வாரம் குடற்புழு மருந்து. ஷெல்டிகளில் சிலவற்றுக்கு சில மருந்துகளைத் தாங்க முடியாத எம்டிஆர்1 மரபணுக் கோளாறு உண்டு, ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தின் அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து, எனவே தயவுசெய்து சொந்த வைத்தியம் வேண்டாம்.