பிரவுசரில் தமிழ் குழம்பித் தெரிகிறதா? முதலில் குப்பையை உற்றுப் பாருங்கள்

தமிழ்ப் பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றதும் பலரும் ஃபாண்ட் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். திரையில் என்ன மாதிரிக் குப்பை தெரிகிறது என்பதைப் பொறுத்துதான் மருந்து.

1. வெறும் கட்டங்கள்

இதற்குத்தான் ஃபாண்ட் வேண்டும். விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு நிர்மலா யூஐ என்ற ஃபாண்ட் கூடவே வருகிறது. அதனால் பழைய கணினியிலோ சில லினக்ஸ்களிலோதான் இந்தத் தொல்லை. கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கும். இறக்கி, ஜிப்பைப் பிரித்து, இன்ஸ்டால் செய்து, பிரவுசரை மூடித் திறங்கள். அவ்வளவுதான். (இந்தக் கட்டங்களுக்கு டோஃபு என்று செல்லப்பெயர். 'நோ டோஃபு' என்பதுதான் நோட்டோ ஆனது.)

2. தலையில் சாய்வுக் கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' (à®)

இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் சந்தோஷப்படுங்கள், எழுத்து பத்திரமாக இருக்கிறது. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைதான் என்கோடிங். இன்று பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள். மொத்தம் 15 பைட். பிரவுசர் அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான். அதனால்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ' விடாமல் துரத்துகிறது.

ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தைத் திறந்து ஆல்ட் விசையை அழுத்துங்கள். மேலே மெனு வரும். அதில் வியூ, அப்புறம் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங். குரோமில் முன்பு இருந்த என்கோடிங் மெனுவை எடுத்துவிட்டார்கள், அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பக்கம் உங்களுடையது என்றால் அதன் ஹெச்டிஎம்எல் கோப்பில் ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 வரியை (<meta charset="utf-8">) சேருங்கள். பார்ப்பவர் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

3. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்

'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று சின்ன எழுத்தில் தெரிந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த 'தமிழ்'. இலங்கைத் தமிழர்களின் பழைய பக்கங்களில் நிறைய பார்க்கலாம். என்கோடிங்கை எப்படி மாற்றினாலும் இது அசையாது. ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தேதான், பாமினி ஃபாண்ட் அதற்குத் தமிழ் வேஷம் போட்டுவிடுகிறது. பாமினி ஃபாண்டை நிறுவினால் தெரியக்கூடும். நான் அதைச் செய்வதில்லை. வரிகளை நகலெடுத்து, 'பாமினி யூனிகோட் மாற்றி' என்று தேடிக் கிடைக்கும் ஒன்றில் ஒட்டி யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறைக்கு, மாற்றிக்கொள்வேன். அப்போதுதான் அதற்குள் சொல் தேடவும் முடியும்.

4. வரிசையாகக் கேள்விக்குறிகள்

பெரும்பாலும் கைவிட்ட கேஸ். பழைய நோட்பேடில் ஏஎன்எஸ்ஐ (தமிழுக்கு இடமில்லாத பழைய என்கோடிங்) என்று சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாகவே கோப்பில் பதிந்துவிடும். எச்சரிக்கைப் பெட்டி வரும். நான் படிக்காமல் ஓகே அழுத்தி ஒரு முழுக் கட்டுரையைத் தொலைத்திருக்கிறேன். பக்கம் அடுத்தவருடையது என்றால் அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், மூலப் பிரதி அவரிடம் இருக்கலாம். உங்களுடையது என்றால் பழைய மின்னஞ்சல்களில் தேடிப் பாருங்கள், அடுத்த முறை சேமிக்கும்போது என்கோடிங் பெட்டியில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று ஒரு பார்வை.